பாலாற்றங்கரைத் தண்ணீரில் மீனும் கீரையும்

காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு என்று பழைய வடஆர்க்காட்டின் எந்தப் பக்கத்திலும், கொல்லையில் அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் முறை) போட நினைப்பவர்களின் முதல் கேள்வி “என்ன மீன் விடலாம்?” என்பதுதான். மீன் கடைசிக் கவலை. கத்திரி வெயிலில் தினமும் குறைகிற தண்ணீருக்கு ஈடாக எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறோம் என்பதை முதலில் தீர்த்துவிட வேண்டும். அதைத் தீர்க்காமல் போட்ட அமைப்பு சித்திரை வரை செழிப்பாக இருந்துவிட்டு, வைகாசியில் இலை ஓரம் கருகி நிற்கும்.

வேலை செய்யும் விதம் எளிது. மீன் தின்ற தீவனம் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவாக வெளியே வருகிறது. ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியாவில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்புகிறது. மண்ணில் பாய்ச்சுவதைவிட இதற்குத் தண்ணீர் வெகுவாகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பு அப்படியே தங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 6 சதுர மீட்டர் பாத்தியும் 1,000 லிட்டர் மீன் தொட்டியும் உள்ள அமைப்பு, மே மாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 50 லிட்டரை வெயிலுக்கும் இலைகளுக்கும் கொடுத்துவிடும். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்றால், ஊற்றுகிற 50 லிட்டரோடு 50 கிராம் உப்பும் உள்ளே போகிறது. ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ. அமைப்பில் சுழலும் மொத்தத் தண்ணீர் 1,700 லிட்டர்தான். செடி எடுத்துக்கொள்வதைக் கழித்தாலும், ஜூன் பிறக்கும்போது டிடிஎஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திலேப்பியா மீன் இதைக் கண்டுகொள்ளாது. கீரைதான் முதலில் சுணங்கும்.

ஆகவே, குழி தோண்டும் முன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி கிடைக்கும். கேட்க வேண்டியவை பிஎச், மின்கடத்துத் திறன், சோடியம், கார்பனேட்-பைகார்பனேட். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துக் கிணறாக இருந்தால் குரோமியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போனது. மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். குளோரின் கலந்து வரும் பஞ்சாயத்துத் தண்ணீர் என்றால், ஒரு நாளாவது திறந்த தொட்டியில் வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

மருந்து மழைநீர்தான். 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர், சேதாரம் போக 400 லிட்டர் கைக்கு வரும். மார்ச் முதல் மே வரை தேவை சுமார் 4,500 லிட்டர். அதில் பாதி மழைநீராக இருந்தாலே உப்பு ஏறும் வேகம் பாதியாகும். மழைநீரை மட்டுமே ஊற்றினாலும் தொல்லை உண்டு. நைட்ரேட் உருவாகும்போது அமிலமும் உருவாகிறது. அதைத் தாங்கும் கார்பனேட் மழைநீரில் இல்லாததால் பிஎச் 6-க்குக் கீழே விழுந்து பாக்டீரியா படுத்துவிடும். நம் ஊர்க் கடினத் தண்ணீர் அளவோடு சேர்ந்தால் அதற்கு அதுவே மருந்து. மாதம் ஒருமுறை அமைப்பிலிருந்து 200 லிட்டரைத் தென்னைக்குத் திறந்துவிட்டு, அந்த இடத்தில் மழைநீரை நிரப்பலாம். தென்னை அந்த உப்பைத் தாங்கும், நைட்ரேட்டும் அதற்கு உரம்.

இனி கட்டுமானம். மூன்று மட்டங்கள் வேண்டும். உயரத்தில் மீன் தொட்டி, நடுவில் பாத்திகள், தரைக்குள் சம்ப். சம்பிலிருந்து ஒரே மோட்டார் தண்ணீரை மீன் தொட்டிக்கு ஏற்றும். மற்றதெல்லாம் தானாக இறங்கி வரும். மீன் தொட்டியின் நீர்மட்டம் எப்போதும் மாறாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் லாபம்.

மீன் தொட்டிக்கு 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி போதும், கறுப்பைவிட வெள்ளை நல்லது. இந்தப் பக்கத்தில் பழைய நீல டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அதில் என்ன வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்கக் கூடாது. தோல் ஷெட்டுக்கு ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் மீன் தொட்டியாக்க முடியாது.

பாத்திகள் மூன்று. ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துக் கட்டி, உள்ளே 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாம். ஒரு பாத்தியின் ஜல்லி மட்டும் சுமார் 900 கிலோ, தண்ணீர் ஏறினால் ஒரு டன்னைத் தாண்டும். ஆங்கிள் அயர்ன் ஸ்டாண்டு இந்தப் பாரத்தில் மெல்ல மெல்ல வளையும். பாத்தி ஒரு விரற்கடை சாய்ந்தாலும், தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் சைஃபன் குழாய் ஒழுங்காக ஓடாது. அடியில் காங்கிரீட் போட்டுத் தூண் எழுப்புவதே சரி. பாத்தியின் விளிம்பு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர், மீன் தொட்டியின் நீர்மட்டம் 110 சென்டிமீட்டர் என்று வைத்தால் சரிவு போதும்.

சம்புக்கு 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறை நான்கு. ஓரடி உயர உறை ஒன்றில் 200 லிட்டர் பிடிக்கும், நான்குக்கு 800. பலர் கோட்டை விடும் இடம் இது. ஒரு பாத்தி நிறைந்து நிற்கும்போது ஜல்லிச் சந்துகளில் சுமார் 210 லிட்டர் இருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் நிறைந்தால் 630. அவ்வளவும் சம்பிலிருந்துதான் போக வேண்டும். மோட்டார் மூழ்க இன்னும் 100 லிட்டர் அடியில் நிற்க வேண்டும். 300 லிட்டர் டிரம்மைப் புதைத்தவர்கள் வீட்டில் ஒன்று மோட்டார் காய்ந்து எரியும், இல்லையென்றால் பாத்தி வடிகிற நேரத்தில் சம்ப் வழியும். புது சிமெண்ட் உறை தண்ணீரின் பிஎச்சை 9-க்கு மேல் ஏற்றிவிடும். இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்தி, மூன்று முறையாவது மாற்றிய பிறகே அமைப்போடு சேர்க்க வேண்டும். உறையின் வாய் தரைக்கு மேல் அரையடி நிற்கட்டும், மழைவெள்ளம் உள்ளே இறங்காது.

மீன் தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடியிலிருந்தே எழ வேண்டும். 50 எம்எம் குழாய், தொட்டி அடிக்கு இரண்டு அங்குலம் மேலே தொடங்கி, 110 சென்டிமீட்டரில் சுவரைத் துளைத்து வெளியே வரும். அடியில் படியும் கழிவை அதுவே உறிஞ்சிக்கொண்டு போகும். வளைவின் உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு அதன் வாயைத் திறந்தே விட வேண்டும். மூடினால் அது சைஃபனாகி, மீன் தொட்டியையே காலி செய்துவிடும். மோட்டார் குழாயின் முனையும் மீன் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கியிருந்தால் கரண்ட் போன நிமிடமே தண்ணீர் வந்த வழியே சம்புக்கு இறங்கும். ராத்திரி கரண்ட் போய், காலையில் காலித் தொட்டியில் மீன் துள்ளுவது பெரும்பாலும் இந்த ஒரு தவறால்தான்.

ஜல்லிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. முக்கால் அங்குல ஜல்லி 64 கன அடி, அதாவது முக்கால் யூனிட்டுக்குள் மூன்று பாத்திகளும் நிறையும். கருங்கல் ஜல்லிதானா என்று பார்க்க, நாலைந்து கல்லை டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். கிரஷர் தூளைக் கழுவாமல் கொட்டினால் அது பாத்தியின் அடியில் சேறாக இறங்கி, ஒரே வருடத்தில் அழுகல் வாடை எழும்பும். சல்லடையில் வைத்துத் தண்ணீர் தெளிந்து ஓடும் வரை அலச வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் குறுக்கு வழி கிடையாது. மேலே ஐந்து சென்டிமீட்டருக்கு அரை அங்குல ஜல்லி பரப்பினால் நாற்று நடக் கை நோகாது. அந்த மேலடுக்கு எப்போதும் காய்ந்தே இருக்கட்டும். ஈரம் மேலே வந்தால் பாசியும் கொசுவும் வரும், ஆவியாதலும் கூடும்.

இந்த அமைப்பின் இதயம் மணி சைஃபன். பாத்தியில் நீர் ஏறிக்கொண்டே வந்து, 25 சென்டிமீட்டரைத் தொட்டதும் ‘கடகட’ என்று இழுத்து வடித்துவிடும். வடிந்து முடிக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டு நிற்கும். மறுபடி நிறையத் தொடங்கும். நீர் இறங்கும்போது ஜல்லிக்குள் காற்று புகுவதால்தான் வேரும் பாக்டீரியாவும் மூச்சுவிடுகின்றன. பாகங்கள் எல்லாம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நடுவில் நிற்கும் குழாய் 25 எம்எம், உயரம் 25 சென்டிமீட்டர். அதன் தலையில் 50-க்கு 25 ரெடியூசர், புனல்போல. அதன் மேல் கவிழ்க்கும் மணி 75 எம்எம் குழாய், மேலே எண்ட் கேப், அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பற்கள்போல் வெட்டு. ஜல்லி உள்ளே வராமல் தடுக்க வெளியே 110 எம்எம் குழாய், சுற்றிலும் ரம்பக் கீறல்கள். பாத்திக்கு அடியில் வடிகுழாயின் முனையில் ஒரு எல்போ. இந்த எல்போவில்தான் சைஃபன் பிடிக்கும். நேராகக் கீழே விட்டால் பல நேரம் பிடிக்காது.

பிடிக்கவில்லை என்றால், அதாவது நீர் மேலே நின்றபடி குழாயில் ஒழுகிக்கொண்டே இருந்தால், வரத்து போதவில்லை அல்லது எண்ட் கேப்பில் காற்று கசிகிறது. வடிந்த பிறகு நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வரத்து அதிகம். மூன்று பாத்திகளுக்கும் தனித்தனி வால்வு வைத்து, ஒவ்வொன்றுக்கும் மணிக்குச் சுமார் 330 லிட்டர் வரும்படி திருக வேண்டும். அளப்பது சுலபம். 10 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் நிறைய வேண்டும். அந்த வேகத்தில் பாத்தி நிறைய முக்கால் மணி நேரத்துக்குள்தான் ஆகும். புதினா வேர் ஆறு மாதத்தில் இந்தக் கீறல்களை அடைத்துவிடும், சைஃபனிலிருந்து இரண்டடி தள்ளி நடுங்கள்.

மோட்டாரில் ஏமாறுவது சாதாரணம். ஏர்கூலர் பம்ப் ஆறடிக்கு மேல் ஏற்றாது. இங்கே சம்பின் தாழ்ந்த மட்டத்திலிருந்து ஏழடிக்கு மேல் ஏற்ற வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ‘மணிக்கு 3,000 லிட்டர்’ என்பது உயரமே இல்லாதபோது வரும் அளவு. அதிகபட்ச உயரம் 3.5 மீட்டர் உள்ளதாக, 60 வாட்டில் வாங்கினால், தேவைப்படும் 1,000 லிட்டர் மேலே வரும். ஏர் பம்ப் 20 வாட் சேர்த்தால், இரண்டு மாத பில்லில் 115 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை இது ஒன்றே விழுங்கிவிடும். அதற்காக விவசாய இலவச இணைப்பிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். அது சட்டப்படி தவறு.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு கிலோ திலேப்பியா மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும். தொட்டியில் 15 கிலோ மீன் இருந்தால் நாலரை கிராம். 1,000 லிட்டரில் கரைந்திருப்பது மொத்தமே ஆறேழு கிராம். ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதன் பிறகு நிமிடக் கணக்குதான். எனவே ஏர் பம்பை மட்டுமாவது வீட்டு இன்வெர்ட்டரோடு இணைக்க வேண்டும், தண்ணீர் மோட்டார் காத்திருக்கலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் தீவனம் போடக் கூடாது. செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும்.

மீன் விடும் முன் பாக்டீரியா குடியேற மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். அமைப்பை ஓட்டிவிட்டு, அமோனியம் குளோரைடு 13 கிராம் கரைத்தால் 1,700 லிட்டரில் அமோனியா-நைட்ரஜன் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் தூய்மைக்கு உத்தரவாதமில்லை. ஆய்வகத் தரம் வாங்குவது நல்லது. அமோனியா குறையக் குறையத் திரும்பப் போட வேண்டும். போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தயார். அவசரப்பட்டவர்கள் இரண்டாம் வாரம் நைட்ரைட் ஏறுகிற நேரத்தில் மீனைப் பறிகொடுப்பார்கள்.

அமோனியா அளவைப் பிஎச்சோடு சேர்த்தே படிக்க வேண்டும். 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் அமோனியாவில் 0.8 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் ஏழரை சதவீதம். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே நிற்பதால், குளிர்நாட்டு வீடியோவில் ‘1 பிபிஎம் பரவாயில்லை’ என்று சொன்னால் இங்கே அது பரவாயில்லை அல்ல.

மீன் விஷயத்துக்கு வருவோம். கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத் திலேப்பியா இதற்குத் தோதானது. ஆனால் அதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும், குஞ்சும் அங்கீகாரம் பெற்ற பண்ணையிலிருந்தே வாங்க வேண்டும். ஆணாக மட்டும் மாற்றிய குஞ்சைக் கேட்டு வாங்குங்கள். கலந்து வந்தால் மூன்று மாதத்தில் குஞ்சு பொரித்து, தொட்டி நிறையப் பொடி மீன்தான் மிஞ்சும். அனுமதி அலைச்சல் வேண்டாமென்றால் சாதாக்கெண்டை. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன், யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம்.

பத்து கிராம் குஞ்சு 45 விட்டால் போதும். சேதாரம் போக 40 மீன், 400 கிராம் வளர்ந்தால் 16 கிலோ. முதல் முறைக்கு இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது கணக்கு. 6 சதுர மீட்டருக்குக் குறைந்தது 240 கிராம் வேண்டும். ஆனால் 45 குஞ்சுகளின் எடை 450 கிராம்தான், அதில் ஐந்து சதவீதம் என்றால் 22 கிராம் தீவனம். அது அரைப் பாத்திக் கீரைக்குக்கூடக் காணாது. மூன்று பாத்தியிலும் முதல் வாரமே நட்டுவிட்டு, இலை வெளுக்கிறது என்று அதில் பஞ்சகவ்யம் ஊற்றுகிறார்கள். அமோனியா ஏறி மீன் போகும். முதலில் ஒரு பாத்தி, மீன் வளர வளர மற்றவை.

செடிகளில், அறுக்க அறுக்கத் தழைப்பவை பொருந்தும். அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா, பாலக். வேரோடு பிடுங்கும் முளைக்கீரை போட்டால் ஒவ்வொரு அறுவடைக்கும் ஜல்லி கிளறப்பட்டுக் கசடு எழும்பும். முள்ளங்கி, கேரட் வேண்டாம். வெண்டை, மிளகாய், கத்திரி வரும். ஆனால் வேலூர் மாவட்டத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த இலவம்பாடி முள்ளுக் கத்திரியின் ருசிக்கு அந்த மண் வேண்டும், ஜல்லியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறை. கடினத் தண்ணீரில் இது வராத வீடே இல்லை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டால் பிஎச் 8-ல் உடனே துருவாகப் படிந்துவிடும், செடிக்குப் போகாது. இடிடிஏ என்ற பொருளோடு பிணைத்த இரும்பும் நிற்காது. இடிடிஎச்ஏ வகைதான் இந்தத் தண்ணீருக்கு. ஆறு சதவீத இரும்புள்ள தூளில் 57 கிராமைக் கரைத்து ஊற்றினால் 1,700 லிட்டருக்கு 2 பிபிஎம். தண்ணீர் ரத்தச் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். பிஎச்சைக் குறைக்க எலுமிச்சையும் புளித்தண்ணீரும் ஊற்றுவது வீண். ஊற்றப் போகும் தண்ணீர் டிரம்மில் பாஸ்பாரிக் அமிலம் சில துளிகள் விட்டு, ஒரு நாள் வைத்து, பிஎச்சைப் பார்த்துச் சேர்க்கலாம். மீன் தொட்டியில் நேராக விடக் கூடாது.

பூச்சிக்கு மஞ்சள் ஒட்டு அட்டையும் பீய்ச்சும் தண்ணீரும் தாண்டிப் போக வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கைதான், ஆனால் மீனுக்கு ஆகாது. கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தொட்டி மேல் வலை, சம்பில் கொசுவுக்கு நாலு கப்பி மீன்.

வெயிலுக்குத் திட்டம் தனி. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரியில் 6.9 தான். சூடு ஏற ஏற மீனின் தேவை கூடும், தண்ணீரின் கையிருப்பு குறையும். மீன் தொட்டிக்குத் தென்னங்கீற்றுக் கொட்டகை, பாத்திகளுக்கு 50 சதவீத நிழல்வலை. மார்ச்சிலேயே கட்டிவிட வேண்டும். தண்ணீர் 34-ஐத் தாண்டுகிற நாட்களில் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் மட்டும், வழக்கத்தில் பாதித் தீவனம்.

இந்த வெயிலை முன்வைத்தே மீன் விடும் மாதத்தைத் தீர்மானிக்கலாம். ஜூனில் பாக்டீரியாவைப் பழக்கி, ஜூலையில் குஞ்சு விட்டால், அதன் பிறகு வரும் மழையெல்லாம் சேமிப்புத் தொட்டிக்குப் போகும். மார்கழி இரவுகளில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் தீனி குறையும், மீந்த தீவனத்தை அள்ளிவிடுங்கள். பிப்ரவரிக்குள் பெரிய மீனை எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டை மட்டும் வைத்துக் கோடையைக் கடக்கலாம். தீவனம் குறைவதால் ஒரு பாத்தி போதும். மற்ற இரண்டையும் காய்ந்த ஓலையால் மூடிவைத்தால் ஆவியாதலும் மட்டுப்படும், ஜல்லியில் பாக்டீரியாவும் பிழைத்துக்கிடக்கும்.

எடுத்த மீனை அன்றே அறுக்க வேண்டாம். தனித் தொட்டியில், காற்று விட்டு, தீனி போடாமல், புதுத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் வைத்தால்தான் மண் வாடை போகும். புளிக்குழம்பில் அந்த வாடை ஓரளவு அடங்கும். வறுவலில் மறைக்கவே முடியாது.